கொள்ளிடத்துப் பாலமும் அதன் காலடி மணலும்

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் லால்குடிக்கோ மண்ணச்சநல்லூருக்கோ டவுன் பஸ் ஏறினீங்கன்னா ரெண்டு ஆறு தாண்டணும். முதல்ல காவிரி. அப்புறம் மாம்பழச்சாலை, திருவானைக்கோவில். அதுக்கப்புறம் கொள்ளிடம். கொள்ளிடத்தைத் தாண்டினதும் கண்டக்டர் "நம்பர் ஒண்ணு டோல்கேட் எல்லாம் இறங்கு"ன்னு குரல் கொடுப்பார். அங்கே இறங்கிப் பார்த்தால் டோல்கேட்டைக் காணோம். என்றைக்கோ வண்டிக்கு வரி வாங்கின சாவடி போய்ச் சேர்ந்துவிட்டது, பேர் மட்டும் ஊர்ப்பேராக நின்றுவிட்டது.

சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் இதையெல்லாம் பார்த்திருக்க மாட்டீர்கள். சமயபுரம் தாண்டி அப்படியே பைபாஸில் போய்விடுவீர்கள். அங்கேயும் கொள்ளிடத்துக்கு மேலேதான் போகிறீர்கள், ஆனால் போகிற வேகத்தில் கீழே ஆறு இருந்ததா பொட்டல் இருந்ததா என்று தெரியாது. நான் கொள்ளிடத்தின் வடகரைக்காரன். வாழையும் நெல்லும் போடுகிறேன். எங்க வீட்டு வரவு செலவு மொத்தமும் நாலு தலைமுறையா இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போயிருக்கு, வந்திருக்கு. அதனால இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

பாலத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஆற்றைச் சொல்லணும். கொள்ளிடம் தனி ஆறு இல்லை, காவிரியின் கிளை. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி ரெண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். நடுவில் கிடக்கிற தீவுதான் ஸ்ரீரங்கம். கிழக்கே கல்லணைக்கிட்ட ரெண்டும் மறுபடி தொட்டுக்கொள்கிற மாதிரி நெருங்கி வரும். காவிரி பாசனத்துக்கு, கொள்ளிடம் வெள்ளம் வடிய. வெள்ளத்தைக் கொள்ளும் இடம், அதனால கொள்ளிடம் என்று எங்க பக்கம் பேருக்கு அர்த்தம் சொல்வார்கள். அகராதிக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, ஆற்றின் வேலைக்குப் பொருந்துகிற அர்த்தம். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதுதான் வடதிருக்காவேரி. தைப்பூசத்தன்று சமயபுரம் மாரியம்மன் இந்த ஆற்றங்கரைக்கு வந்துதான் அண்ணன் ரங்கநாதரிடம் சீர் வாங்கிக்கொண்டு போவாள். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆறு.

வெள்ளம் வடிகிற ஆறு என்பதால் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, வாட்டமும் அதிகம். கடலுக்குக் குறுக்குவழியும் அதுதான். தண்ணிக்கு மேடு பள்ளம் சொல்லித் தரவா வேண்டும்? தானாகவே கொள்ளிடத்துப் பக்கம் சாய்ந்துவிடும். 1800-களின் தொடக்கத்தில் இது முற்றிப்போய், காவிரித் தலைப்பு மணல் மூடி மேடாகி, தஞ்சாவூர் வயல்களுக்குத் தண்ணி போவதே குறைந்துவிட்டது. அதைச் சரிபண்ண ஆர்தர் காட்டன் 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலையில் குறுக்கே மேலணையைக் கட்டினார். அந்த வைத்தியம் நன்றாகவே வேலை செய்தது, கொஞ்சம் அதிகமாகவே. காவிரிக்குள் தண்ணி பாய்ந்து அதன் படுகையை அரிக்க ஆரம்பித்தது. கொஞ்ச வருஷத்திலேயே காவிரித் தலைப்பிலும் படுகையைக் காக்க ஒரு தளம் போடவேண்டியதாயிற்று. ஆற்றில் ஒரு இடத்தில் கை வைத்தால் இன்னொரு இடத்தில் பதில் வரும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டீர்கள் என்றால் பாலத்தின் கதையும் புரிந்துவிடும்.

காட்டன் இன்னொரு பாடமும் இங்கேதான் படித்தார். கரிகாலன் கட்டின கல்லணையைப் பார்த்துத்தான், அடியில் பாறை இல்லாத வெறும் மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது என்று தெரிந்துகொண்டோம் என அவரே ஒப்புக்கொண்டார். வேலை ரொம்ப எளிமையாகத்தான் கேட்கும். ஈர மணலில் பெரிய கல்லைப் போட்டால் அது இறங்கும். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. ஒரு கட்டத்தில் இறங்குவது நின்றுவிடும். அதுக்கப்புறம் மேலே கட்டு. மணல் நகராமல் நாலா பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அதுவும் ஒரு பாறைதான். இந்த ஊர்ப்பக்கம் ஆற்றில் நிற்கிற கட்டுமானம் பலதும் அந்த நம்பிக்கையில் நிற்பவை.

1924 ஜூலையில் காவிரியில் வந்த வெள்ளத்தைப் பற்றி எங்க கொள்ளுத்தாத்தா காலத்துக்காரர்கள் பேசிக்கொண்டே இருந்ததாகத் தாத்தா சொல்லுவார். கேரளத்தில் இன்றைக்கும் '99-ஆம் வருட வெள்ளம்' என்கிறார்களே, மலையாளக் கணக்கில் 1099, அதே மழைதான் இந்தப் பக்கமும் கொட்டியது. மேட்டூர் அணை அப்போது கிடையாது. மைசூர்ப் பக்கமிருந்து வந்த வெள்ளத்தில் பெரும்பங்கைக் கொள்ளிடம்தான் வாங்கியாகணும். கரையோரத்துப் படுகை நிலமெல்லாம் தெற்கே இருந்தது வடக்கே, வடக்கே இருந்தது தெற்கே என்று இடம் மாறிவிட்டதாம். "பட்டா காகிதத்துல இருந்துச்சு, நெலம் ஆத்துல போச்சு" என்பது எங்க வீட்டில் அடிக்கடி அடிபடுகிற வாக்கியம்.

நாலு வருஷம் கழித்து, 1928-ல், திருவானைக்கோவில் கரைக்கும் டோல்கேட் கரைக்கும் நடுவே இரும்புப் பாலம் வந்தது. கிட்டத்தட்ட 800 மீட்டர் நீளம். ஆற்றுக்குள் வரிசையாகத் தூண்கள், ரெண்டு பக்கமும் இரும்புச் சட்டம். வெல்டிங் காலம் இல்லை அது. இரும்பைப் பழுக்கக் காய்ச்சிய ஆணிகளால் ஒன்றோடொன்று தைத்தார்கள். மெட்ராஸ் போகிற பெரிய ரோடே அதுதான். இந்தத் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். மேட்டூர் அணை வேலை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. அதாவது கடிவாளம் போடாத காவிரியை மனதில் வைத்துக் கட்டின பாலம் இது.

தாத்தாவுக்கு அந்தப் பாலம் என்றால் இரவுதான். சாயங்காலம் வாழைத்தார் வெட்டி, கட்டை வண்டியில் அடுக்கி, சருகு போட்டு மூடி, சாப்பிட்டுவிட்டு ராத்திரி பத்து மணி வாக்கில் வண்டி கட்டுவார்கள். விடியறதுக்குள் காந்தி மார்க்கெட் போகணும். நாலைந்து வண்டி ஒன்றாகப் போகும். முன்வண்டிக்காரர் ஒருத்தர் முழித்திருந்தால் போதும், மற்றவர்கள் தூங்கிக்கொண்டே போவார்கள். மாட்டுக்கு வழி தெரியும். பாலத்து மேல ஏறினதும் சக்கரச் சத்தம் மாறுமாம். அந்தச் சத்தத்தில் தூங்குகிறவர்கள் எல்லாரும் முழித்துக்கொள்வார்கள். பூவன் ஒரு பக்கம், ரஸ்தாளி ஒரு பக்கம். ரஸ்தாளி அடிபட்டால் கறுத்துவிடும் என்று அதற்குத் தனியாக வைக்கோல் மெத்தை.

அப்பா காலத்தில் லாரி, எனக்கு மினி டோர். பூச்சொரிதலுக்கு சமயபுரம் போகிற கூட்டம் அந்தப் பாலத்தில் நடந்து போகும்போது வண்டி ஊர்ந்துதான் போகணும். மஞ்சள் புடவையும் வேப்பிலையுமா, மூட்டை மூட்டையா பூவுமா, ஒரு கரையிலிருந்து இன்னொரு கரை வரைக்கும் ஜனம். ஹாரன் அடிக்க மனசு வராது. அடித்தாலும் யாரும் நகரமாட்டார்கள்.

இப்போ அந்தத் தூண்கள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றன என்று சொல்லணும். கொள்ளிடத்தில் தோண்டினால் மணல், அதுக்குக் கீழே மணல், அப்புறமும் மணல்தான். இந்த மாதிரி ஆறுகளில் தூணுக்கு அடியில் கிணறு இறக்குவது அந்தக் காலத்து முறை. நம்ம தோட்டத்தில் உறைகிணறு இறக்குகிறோமே, அதே வேலைதான் பெரிய அளவில். வட்டமாகச் சுவர் கட்டி, உள்ளே மணலை அள்ள அள்ள, சுவர் தன் பாரத்தில் தானே இறங்கும். வேண்டிய ஆழம் போனதும் உள்ளே நிரப்பி அடைத்து, அதன்மேல் தூண். கிணற்றைச் சுற்றி இருக்கிற மணல் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். வெளியே தெரிகிற தூண் எவ்வளவு உயரம் என்பதைவிட, மண்ணுக்குள் எவ்வளவு புதைந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. நட்ட கம்புக்கும் அதுதானே கணக்கு!

வெள்ளம் வரும்போது ஒரு காரியம் நடக்கும். ஓடுகிற தண்ணி தூணில் மோதி, போக இடமில்லாமல் கீழ்நோக்கித் திரும்பி, தூணின் காலடியைச் சுற்றிச் சுழலும். அந்தச் சுழல் அங்கிருக்கிற மணலைத் தோண்டி எடுத்துவிடும். வெள்ளம் வடிகிறபோது மேலேயிருந்து வருகிற மணல் அந்தக் குழியை மூடிவிடும். தண்ணி வற்றின பிறகு போய்ப் பார்க்கிறவர்களுக்குத் தூண் பழையபடி நிற்கிற மாதிரிதான் தெரியும். எவ்வளவு ஆழம் அரித்தது, எவ்வளவு மூடியது என்பது ஆற்றுக்கு மட்டும்தான் தெரியும். 1928-ல் கணக்குப் போட்டவர்களுக்கு இது தெரியாததில்லை. அரிப்பு போக மிச்சம் இருக்கிற மண்ணிலும் தூண் நிற்கணும் என்றுதான் ஆழம் வைப்பார்கள். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நம்பிக்கை உண்டு. அரித்த மணல் திரும்பி வரும் என்கிற நம்பிக்கை.

அது ரெண்டு வழியில் உடைந்தது. முதல் வழி மேட்டூர். 93 டிஎம்சி தண்ணியைத் தேக்குகிற அணை, தண்ணியோடு வருகிற மணலையும் தேக்கும். அணையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மேட்டூர் இல்லை என்றால் எங்களுக்கு ஆடியில் தண்ணியும் இல்லை. ஆனால் மணல் வரத்து அதோடு சுருங்கியது. ஆற்றில் கிடப்பதுதான் கையிருப்பு என்றாகிவிட்டது.

ரெண்டாவது வழி நாம். ஊரில் வீடு கட்ட மாட்டுவண்டியில் மணல் அள்ளினது எப்போதும் உண்டு. அதை ஆறு பொருட்படுத்தவே இல்லை. 1980-களுக்குப் பிறகு லாரி வந்தது, அப்புறம் பொக்லைன் வந்தது. 2003-ல் மணல் குவாரிகளைத் தனியாரிடமிருந்து அரசே எடுத்துக்கொண்டது. கட்டுப்பாடு வரும் என்று ஊரில் பேசிக்கொண்டோம். எங்க தெருவில் லாரி குறையவில்லை. ராத்திரி வாழைக்குத் தண்ணி பாய்ச்சப் போனால் ஆற்றுக்குள் வரிசையாக விளக்கு தெரியும். திருவிழா நடக்கிற மாதிரி இருக்கும். அந்த மணல் எங்கே போனது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிற அறையின் சுவரைத் தட்டிப் பாருங்கள், கொள்ளிடமாகவும் இருக்கலாம், பாலாறாகவும் இருக்கலாம். என் வீட்டுச் சுவரும் அதே மணல்தான், அது வேற விஷயம்.

பாலத்திலிருந்து 500 மீட்டருக்குள் மணல் எடுக்கக் கூடாது என்று சிறுகனிம விதியிலேயே இருக்கிறது. நல்ல விதி. ஆனால் ஆற்றுக்கு அடிக்கோல் வைத்து அளக்கத் தெரியாது. ரெண்டு கிலோமீட்டர் கீழே ஒரு பள்ளம் தோண்டினால், அடுத்த வெள்ளத்தில் அந்தப் பள்ளத்தை ஆறு நிரப்பப் பார்க்கும். எதை வைத்து? மேலே இருக்கிற மணலைச் சரித்து இழுத்து வந்துதான். பள்ளத்தின் மேல்விளிம்பு அப்படியே மேற்கே நகர்ந்து நகர்ந்து வரும். பள்ளத்தைத் தாண்டிப் போகிற தண்ணியோ, மணலைப் பள்ளத்தில் போட்டுவிட்டு வெறும் தண்ணியாகப் போய், கீழே இருக்கிற படுகையை அரிக்கும். மேலேயும் இறங்கும், கீழேயும் இறங்கும். தோண்டின இடம் எதுவோ, பழி வருகிற இடம் எதுவோ.

எங்களுக்கு அது முதலில் பாலத்தில் தெரியவில்லை, கிணற்றில் தெரிந்தது. படுகையில் அப்பா இறக்கின உறைகிணறு ஒன்று இருந்தது. சித்திரை மாசத்திலும் பத்துப் பன்னிரண்டு அடியில் தண்ணி நிற்கும். சின்ன வயசில் நான் அதில் வாளியை விட்டு நேராக மொண்டிருக்கிறேன். ஆற்று மணல் நீரைக் குடித்து வைத்துக்கொண்டு கரைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆற்றுப் படுகை இறங்க இறங்க, கிணற்று நீரும் அதோடு இறங்கியது. ரெண்டாயிரத்துக்குப் பிறகு அந்தக் கிணறு கோடையில் கைவிட்டது. இப்போ எனக்கு 140 அடியில் போர். கரண்ட் இல்லாவிட்டால் வாழை வாடும். ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு போர் போட்டவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பாலத்துக்கு வயசும் ஆகிக்கொண்டிருந்தது, போக்குவரத்தும் எக்கச்சக்கமாகிவிட்டது. அதனால் பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே 88 கோடி ரூபாய் செலவில் அகலமான கான்கிரீட் பாலம் கட்டி 2016-ல் திறந்தார்கள். நிஜமாகவே நல்ல பாலம். முகூர்த்த நாளில் இலைக்கட்டு ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இலை வியாபாரிகளைக் கேளுங்கள். இலை நேரத்துக்குப் போனால்தான் காசு, நேரம் தப்பினால் மாட்டுக்குத்தான். பழைய பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி இல்லாமல், காற்று வாங்கிக்கொண்டு, மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு நடக்க அதைவிட நல்ல இடம் அந்தப் பக்கம் கிடையாது.

2018 ஜூலை 23-ந் தேதி மேட்டூர் நிரம்பியது. அஞ்சு வருஷமாக நிரம்பாத அணை. எங்களுக்கெல்லாம் பெருமகிழ்ச்சி. ஆகஸ்ட்டில் கேரளத்தில் ஊரே மூழ்குகிற மழை, அதே மழை கபினியையும் நிரப்பியது. மேட்டூரிலிருந்து திறக்கிற தண்ணி வினாடிக்கு ரெண்டு லட்சம் கன அடி அளவுக்குப் போனது. காவிரி கொள்ளாதது மொத்தமும் கொள்ளிடத்துக்கு. நாங்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். பாலத்தின் ரெண்டு பக்கமும் கூட்டம். இவ்வளவு தண்ணியைக் கண்ணால் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள்.

ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் பழைய பாலத்தின் ஒரு தூணில் விரிசல் என்று செய்தி வந்தது. நடக்கிறவர்களையும் நிறுத்தினார்கள். அடுத்து நடு ஆற்றில் இருந்த தூண்கள் சில இறங்கி, சாய்ந்து, ஆற்றோடு போயின. மேலே இருந்த இரும்புச் சட்டம் உடனே உடையவில்லை. காலில்லாமல் அந்தரத்தில் தொங்கியது, வளைந்தது, அப்புறம்தான் விழுந்தது. தொண்ணூறு வருஷத்து இரும்பு கடைசிவரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் படத்தை நீங்களும் அப்போது பார்த்திருப்பீர்கள்.

அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள், 22-ந் தேதி ராத்திரி, முக்கொம்பில் காட்டனின் மேலணையில் 45 மதகுகளில் 9 மதகுகள் இடிந்து அடித்துக்கொண்டு போனது. 1836-ல் கட்டினது. சம்பாவுக்கு நாங்கள் நாற்றங்கால் தயார் பண்ணிக்கொண்டிருந்த நேரம். கொள்ளிடத்துத் தலையில் அடைப்பு இல்லை என்றால் தண்ணி எங்கே போகும் என்று முன்னாலேயே சொன்னேனே. தண்ணி முழுக்க வடக்கே சாய்ந்து கடலுக்குப் போய்விட்டால் டெல்டாவின் கதி என்ன? பாறாங்கல்லையும் மணல் மூட்டையையும் ராத்திரி பகலாகக் கொட்டி அடைத்தார்கள். அதில் வேலை செய்த ஆட்களைக் கும்பிடணும். பிறகு 387.60 கோடி ரூபாய் மதிப்பில் புதுக் கதவணை கட்டப்பட்டது.

ஒரே ஆறு, ஒரே வாரம், ரெண்டு பழைய கட்டுமானம். "வயசாச்சு, விழுந்துச்சு" என்று பல பேர் முடித்துவிட்டார்கள். வயசு ஒரு காரணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1977 புயல் வெள்ளத்தில் திருச்சி மூழ்கினபோது அந்தப் பாலம் நின்றது. 2005 வெள்ளத்திலும் நின்றது. அப்போதும் அது கிழவன்தான். வயசில் விழுகிற பாலம் துருப்பிடித்து மேலேயிருந்து விழணும். இது கீழேயிருந்து விழுந்தது. தண்ணியின் வேகம் ஒரு பக்கமாகத் திரும்பித் தாக்கியது என்றும் ஒரு காரணம் சொன்னார்கள். இருக்கலாம். மேடும் பள்ளமுமாகக் கிளறிப்போட்ட படுகையில் தண்ணி ஒரு பக்கமாகத் திரும்பாமல் எப்படிப் போகும்? வரப்பு உடைந்த வயலில் தண்ணி பாய்ச்சினவனுக்கு இது தெரியும்.

தெற்கே காவிரிப் பாலத்தையும் சொல்லிவிடுகிறேன். அது 1976-ல் வந்தது, கான்கிரீட். அதன் மேல்தளத்தில் இணைப்புகள் விட்டுப்போய், ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். என் வண்டியில் முன்பக்கம் ஏற்றின தார் பின்பக்கம் வந்துவிடும். 2022 நவம்பரில் மூடி, தூணுக்கும் தளத்துக்கும் நடுவில் இருக்கிற பேரிங்குகளையும் இணைப்புகளையும் மாற்றி, 2023 மார்ச்சில் திறந்தார்கள். அந்த நாலு மாசமும் பைபாஸைச் சுற்றித்தான் மார்க்கெட் போனோம். டீசல் காசு கூடியது, லாபம் குறைந்தது, திட்டிக்கொண்டேதான் போனோம். ஆனாலும் செய்யவேண்டிய வேலை அது. பிறகு அதன் பக்கத்திலும் ஒரு புதுப் பாலத்துக்கு வேலை தொடங்கினார்கள்.

பாலத்தை நவீனப்படுத்துவது என்றால் நம்ம ஊரில் எல்லாருடைய கண்ணும் மேலே போகிறது. அகலம் எவ்வளவு, எத்தனை வண்டி போகும், விளக்கு எப்படி. எல்லாம் வேண்டியதுதான். 88 கோடி மேலே செலவு பண்ணினோம். அந்தத் தூண்களைச் சுற்றிக் கிடக்கிற மணலும் அந்தப் பாலத்தின் ஒரு பாகம் என்று எந்தக் கணக்கிலாவது எழுதி வைத்திருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி. வீட்டுப் பத்திரத்தில் கிணற்றைச் சேர்த்து எழுதுகிறோம், கிணற்றில் இருக்கிற தண்ணியை எழுதுவதில்லை இல்லையா, அந்த மாதிரி விட்டுப்போனது இது.

மிச்சம் நின்ற இரும்புப் பாலத்தை 2022-லிருந்து பிரித்து எடுக்க ஆரம்பித்தார்கள். காஸ் வைத்து வெட்டி, கிரேனில் இறக்கி, லாரியில் ஏற்றிப் போனார்கள். ரிவெட் ஆணி ஒன்று கிடைக்குமா என்று நான் கேட்டுப் பார்த்தேன். வேலைக்காரத் தம்பி சிரித்துவிட்டு, "இதுக்கெல்லாம் எடை போட்டாச்சுண்ணே" என்றான்.

2024 ஜூலைக் கடைசியில் மேட்டூர் மறுபடி நிரம்பியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் கொள்ளிடத்தில் வெள்ளம். இந்தத் தடவை புதுப் பாலத்தின் தூண்களுக்கு அரிப்பு வராமல் இருக்க ஆற்றுக்குள் கட்டியிருந்த தடுப்புச்சுவர் அடித்துக்கொண்டு போனது. பக்கத்தில் ஆற்றுக்குள் நின்ற உயரழுத்த மின்கோபுரமும் காலடி மண் போய்ச் சாய்ந்து விழுந்தது. பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கும் இலைக்கட்டோடு அதன்மேல்தான் போனேன்.

தண்ணி வடிந்த பிறகு ஒரு நாள் டோல்கேட் பக்கமிருந்து ஆற்றுக்குள் இறங்கி நடந்தேன். பழைய பாலம் இருந்த வரிசையில், மணலுக்குள் இருந்திருக்கவேண்டிய அடிக்கட்டு ஒன்று வெளியே தெரிந்தது. தூணுக்கும் கீழே இருந்த பகுதி. அதன் விளிம்பு என் தலைக்கு மேலே நின்றது. நான் அஞ்சே முக்கால் அடி.